நான்காம் பத்தி

தொம்மலூரில் சில ஆண்டுகளேனும் குடியிருந்தவர்களுக்குச் சொக்கநாதசுவாமி கோயில் தெரியாமல் இராது. பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என்றெண்ணி உள்ளே நுழைபவர்கள், அங்கே பெருமாளைக் கண்டு வியப்பதுண்டு. அக்கோயிற் கற்களில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர இராமநாதன் காலத்தில் வெட்டப்பட்டவையும் அவற்றுள் உண்டு. கோயிலுக்கு நிலைக்கால் செய்து கொடுத்த ஒரு கணவனையும் மனைவியையும் ஒரு கல்வெட்டு நினைவில் வைத்திருக்கிறது. ஊர் வருவாயிலிருந்து இறைவனுக்கு ஒதுக்கிய பொன்னை இன்னொன்று சொல்கிறது. சிறுவனாக இருந்தபோது அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டியபடி, "இதில் என்னப்பா எழுதியிருக்கிறது?" என்று என் தந்தையாரைக் கேட்டேன். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் தயங்காமல், "கணக்குடா. யார் என்ன கொடுத்தார்கள் என்கிற கணக்கு" என்றார்.

அந்த விடை பிழையில்லை என்று பின்னாளில் அறிந்தேன். யார் என்ன கொடுத்தார்கள் என்கிற கணக்கை நானும் இரண்டாண்டுக் காலம் எழுதியிருக்கிறேன். ஆனால் என் கணக்கு கோயிற் கணக்கன்று. குதிரைப் பந்தய மைதானத்தில், உரிமம் பெற்ற ஒரு புக்மேக்கரின் கடையில் எழுதிய பேரேடு. மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுத என்னினும் தகுதியுடையோர் பலர் இருப்பது நினைவுக்கு வந்தது. நாற்பதாண்டுகளாக வீட்டாரிடமும் முழுமையாகச் சொல்லாத அந்தத் தொழிலைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன்.

என் தந்தையார் வாணியம்பாடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறி இங்கு வந்தவர். விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1983ஆம் ஆண்டு நான் பி.காம். முடித்து வேலையின்றி இருந்தேன். கூட்டல் கழித்தலில் வேகம் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு, அறிந்தவர் ஒருவர் என்னைப் பந்தய மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். பந்தய நாளொன்றுக்கு 30 ரூபாய் கூலி. மூன்று பந்தயம் எழுதிக் காட்டியதும், "அடுத்த வாரமும் வா" என்றார் கடை முதலாளி. வேலை கிடைத்தது அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கோபிக்கவில்லை. திருக்குறளில் சூது என்று ஓர் அதிகாரம், 94ஆம் அதிகாரம், இருப்பதை எனக்கு நினைவூட்டவும் இல்லை. அவள் பள்ளிக்கூடம் போனவளல்லள். நான் கொடுத்த முதற்கூலியை வாங்கி, வழக்கமாகப் பணம் வைக்கும் சாமி மாடத்தில் வைக்காமல், அடுக்களைப் பரணில் இருந்த ஒரு பழைய பிஸ்கட் தகரடப்பாவில் போட்டாள். அதன்பின் ஒவ்வொரு வாரமும் அப்படியே செய்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேளாமலே தெரிந்தது.

புக்மேக்கர் என்றதும் திரைப்படங்களில் வரும் சுருட்டுப் பிடிக்கும் மனிதர் நம் நினைவுக்கு வருவார். நான் கண்டவர் அப்படிப்பட்டவரல்லர். நெற்றியில் திருநீறும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக, பள்ளித் தலைமையாசிரியரைப்போல இருப்பார். 1952ஆம் ஆண்டின் மைசூர்ப் பந்தய மைதான உரிமச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று, மைதானத்தின் எல்லைக்குள் மட்டும் பந்தயம் ஏற்பது அவர் தொழில். அதே செயலை மதிலுக்கு வெளியே தெருமுனையில் செய்தால் காவலர் பிடித்துச் செல்வர். உள்ளே செய்தால் அரசு அதற்குப் பந்தய வரி பெற்றுக்கொள்ளும். மதிலுக்கு இப்பால் தொழில், அப்பால் குற்றம். இந்த விந்தை எனக்குப் பழக ஒரு பருவம் பிடித்தது.

மைதானத்தில் பணம் கட்ட இரு வழிகள் இருந்தன. ஒன்று டோட் எனப்படும் பொதுத்தொகை முறை. எல்லாரும் கட்டிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியை வென்ற சீட்டுக்காரர்களுக்குப் பங்கிடுவார்கள். ஜோசப் ஒல்லர் என்பவர் 1860களில் பாரிஸில் வகுத்த முறை அது. அதன் கணக்கைத் தானே கூட்டும் பெரிய இயந்திரம் 1913இல் நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் முதன்முதல் நிறுவப்பட்டது. இன்னொரு வழி புக்மேக்கர். அவரிடம் இயந்திரம் இல்லை. கரும்பலகை, சுண்ணாம்புக்கட்டி, தோற்பை, பேரேடு, நான்கு மனிதர்கள், இவ்வளவே. ஒவ்வொரு குதிரைக்கும் அவர் ஒரு விலை சொல்வார். நீங்கள் பணம் கட்டும் கணத்தில் என்ன விலையோ அதுவே உங்களுக்கு உறுதி. பிறகு விலை மாறினாலும் உங்கள் சீட்டு மாறாது.

நால்வரில் முதலாளி முன்னே நின்று விலை கூறுவார். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிப் பையில் போட்டுச் சீட்டுக் கொடுப்பார். இளைஞன் ஒருவன் மற்றக் கடைகளின் பலகைகளைச் சுற்றிவந்து பார்த்து, எந்தக் குதிரைக்கு எங்கே விலை இறங்குகிறது என்று முதலாளியின் காதில் வந்து சொல்வான். நான்காமவன் நான். பின்னால் மர முக்காலியில், பந்தயத் திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். இரண்டாண்டுகளில் நான் குதிரை ஓடிப் பார்த்தது பத்து முறை கூட இராது. குளம்பொலியும் கூட்டத்தின் ஆரவாரமும் முதுகுக்குப் பின்னால் எழுந்து அடங்கும். என் கண் பேரேட்டை விட்டு அகலக்கூடாது.

அந்தப் பேரேட்டில் ஒரு பந்தயத்துக்கு ஒரு பக்கம். எத்தனை குதிரையோ அத்தனை பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் சீட்டின் எண், கட்டிய பணம், அக்குதிரை வென்றால் நாங்கள் கொடுக்கவேண்டிய தொகை, அதுவரை சேர்ந்த மொத்தம். பக்கத்தின் தலைப்பில் எல்லாப் பத்திகளிலும் வந்த வரவின் கூட்டுத்தொகை. "மூன்று வந்தால்?" என்று முதலாளி திரும்பாமலே கேட்பார். மூன்றாம் எண் குதிரை வென்றால் நமக்கு இலாபமா நட்டமா, எவ்வளவு, என்று நான் அந்த மூச்சிலேயே சொல்லவேண்டும். என் வேலை முழுவதும் அந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பதுதான்.

இத்தொழிலின் உயிர்நிலையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நான்கு குதிரைகள் ஓடுகின்றன என்று கொள்க. முதற் குதிரைக்கு விலை 1க்கு 1. அதாவது, 500 ரூபாய் கட்டியவர் வென்றால் தம் 500உம் சேர்த்து 1,000 பெறுவார். இரண்டாவதற்கு 2க்கு 1. 333 ரூபாய் கட்டினால் ஏறத்தாழ 1,000. மூன்றாவதற்கு 5க்கு 1. 167 ரூபாய்க்கு ஏறத்தாழ 1,000. நான்காவதற்கு 9க்கு 1. 100 ரூபாய்க்கு 1,000. இந்த அளவில் நான்கு குதிரைகள்மேலும் பணம் வந்துவிட்டால் மொத்த வரவு 1,100 ரூபாய். எந்தக் குதிரை வென்றாலும் செலவு 1,000 ரூபாய். மீதி 100 ரூபாய் கடைக்கு. குதிரையைப் பற்றியோ அதன் தந்தை தாயைப் பற்றியோ சவாரி செய்பவரைப் பற்றியோ கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை. எவர் வெல்லவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருத்தலாகாது. இப்படி அமைந்த பக்கத்தை நாங்கள் 'வட்டமான பக்கம்' என்போம்.

ஆனால் மனிதர்கள் கணக்கின்படி வந்து பணம் கட்டுவதில்லை. எல்லாரும் ஒரே குதிரையை நோக்கி ஓடுவார்கள். அப்போது முதலாளி அதன் விலையை இறக்குவார். ஆளில்லாத குதிரையின் விலையை ஏற்றுவார். விலையை ஏற்றுவது, கடைத்தெருவில் வாழைத்தாரின்மேல் தண்ணீர் தெளித்துவைப்பது போன்றது. போகிறவர் கண்ணில் படவேண்டும். அதற்கும் கூட்டம் திரும்பாவிட்டால், எங்கள் பொறுப்பில் ஒரு பகுதியை வேறொரு புக்மேக்கரிடம் நாங்களே பணம் கட்டி இறக்கிவைப்போம். தலைச்சுமையைச் சுமைதாங்கியில் இறக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயம் முடிந்ததும் உடனே பணம் கொடுத்துவிட முடியாது. சவாரி செய்தவர்கள் இறங்கி, சேணத்தோடு எடை காட்டவேண்டும். எவரேனும் ஆட்சேபம் எழுப்பினால் நடுவர்கள் விசாரிப்பார்கள். முடிவு உறுதியான பிறகே பை திறக்கும். இரு குதிரைகள் சமமாக எல்லையைத் தொட்டால், கட்டிய பணத்தில் பாதிக்கு மட்டும் முழு விலை. ஒரு குதிரை கடைசி நேரத்தில் விலக்கப்பட்டால், அதன்மேல் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பும்; மற்றவர்களின் வெற்றித் தொகையில் விதிப்படி ஒரு பங்கு குறையும். இவற்றையெல்லாம் கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே, தப்பின்றிச் செய்யவேண்டும். எங்கள் கடையில் தப்பு நேர்ந்ததில்லை. அதில் எனக்கு மிகுந்த பெருமிதம் இருந்தது. மாலையில் பேரேட்டையும் பையையும் ஒப்புநோக்கி ஒரு பைசாவும் பிசகாமல் முடிக்கும்போது, தேர்வில் முதலிடம் பெற்ற மாணவனின் மகிழ்ச்சி எனக்குள் எழும்.

நான் வேலையிற் சேர்ந்த அந்த 1983 ஜூன் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 25ஆம் நாள் சனிக்கிழமை, லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. மறுநாள் ஞாயிறன்று பந்தய மைதானத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. போட்டி தொடங்குமுன் இந்தியாவுக்கு லண்டன் பந்தயக் கடைகள் 66க்கு 1 என்று விலை கூறியிருந்தனவாம். "யாராவது ஒரு நூறு பவுண்டு கட்டியிருந்தால்!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். பிரிட்டனில் 1961ஆம் ஆண்டு முதல் தெருத்தெருவாகச் சட்டப்படி பந்தயக் கடைகள் இருப்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். "பாவம், அந்தக் கடைக்காரர்களுக்கு எவ்வளவு நட்டமோ" என்றேன் நான். முதலாளி சிரித்தார். "மேற்கிந்தியத் தீவுகள்மேல் உலகமே பணம் கட்டியிருக்கும் தம்பி. அந்தப் பணம் எங்கே போனது என்று கேள்" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "யார் ஜெயிக்கிறார்கள் என்பது அவர்கள் கவலை. யார் வருகிறார்கள் என்பது நம் கவலை" என்றார். அந்த வாசகத்தின் பொருள் எனக்கு விளங்க இன்னும் ஓராண்டு ஆயிற்று.

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். டெய்லர் மாமா என்றே எல்லாரும் அழைப்போம். அவரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தாம். என் தந்தையாருக்குச் சில ஆண்டுகள் பிந்தி இங்கு வந்தவர். ஒற்றைத் தையல் இயந்திரமும், சுவரில் தொங்கும் அளவு நாடாவுமாக ஒரு திண்ணையிற் கடை. என் கல்லூரிச் சட்டைகள் யாவும் அவர் தைத்தவை. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

1984 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது பெரிய பந்தயமன்று. நான்கே குதிரைகள் ஓடிய சிறு பந்தயம். மேலே நான் எழுதிக் காட்டிய விலைகளே ஏறத்தாழ அன்றைய விலைகள். பந்தயம் தொடங்கச் சில நிமிடங்கள் இருந்தபோது பேரேட்டைக் கூட்டினேன். முதல் மூன்று பத்திகளும் ஒழுங்காக நிரம்பியிருந்தன. அவற்றில் எந்தக் குதிரை வென்றாலும் நாங்கள் கொடுக்கவேண்டியது 20,000 ரூபாய். மொத்த வரவும் சரியாக 20,000. நான்காம் பத்தி வெறுமையாக இருந்தது.

"நான்கில் ஆளில்லை" என்றேன்.

அப்போது நான்காம் குதிரையின் விலை 6க்கு 1. முதலாளி அதைத் துடைத்துவிட்டு 8 என்று எழுதினார். எவரும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்தேன். 8ஐத் துடைத்து 9 என்று எழுதினார். சுண்ணாம்புத் தூள் என் பக்கத்தின்மேல் உதிர்ந்தது, அதை ஊதிவிட்டேன்.

சற்றைக்கெல்லாம், பணம் வாங்குபவர் உரக்கக் கூறினார்: "நான்கு, இரண்டாயிரம்!" நான்காம் பத்தியில் எழுதினேன். கட்டிய பணம் 2,000, கொடுக்கவேண்டியது 20,000. பக்கம் வட்டமாகிவிட்டது. இனி எந்தக் குதிரை வந்தாலும் கடைக்கு 2,000 ரூபாய். இவ்வளவு அழகான பக்கம் அந்தப் பருவத்தில் எனக்கு வாய்த்ததில்லை. மகிழ்ச்சியோடு தலைநிமிர்ந்து பார்த்தேன். சீட்டை வாங்கி மடித்துக்கொண்டிருந்த கையின் சுட்டுவிரலில் தையல் விரலுறை அழுத்திய வடு தெரிந்தது. டெய்லர் மாமா!

அவர் என்னைப் பார்த்து, ஏதோ குற்றம் செய்தவர்போலச் சிரித்தார். நானும் சிரித்தேன். எழுந்து போய், "மாமா, வேண்டாம், பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாமா? எழுதிய பந்தயத்தை அழிக்க எனக்கு உரிமை இல்லை. முதலாளியைக் கெஞ்சிக் கேட்டிருக்கலாம், நேரம் இருந்தது. பக்கம் குலைந்துவிடுமே என்ற எண்ணந்தான் என்னை உட்கார்த்திவைத்தது. இதை நான் எழுத்திற் பதிவது இதுவே முதல்முறை.

மணி அடித்தது. குளம்பொலி என் முதுகுக்குப் பின்னால் வந்து போயிற்று. முதற் குதிரை வென்றது. நான்காவது குதிரை இரண்டாவதாக வந்தது. கழுத்தளவு வித்தியாசம் என்றார்கள். 22,000 ரூபாய் வரவில் 20,000ஐ எண்ணிக் கொடுத்தோம். மீதி 2,000 பையில் இருந்தது. எந்த நோட்டுகள் என்று எவரால் சொல்லமுடியும்? ஆனால் கணக்கெழுதியவனுக்குத் தெரியும். அந்த மனிதர் வராதிருந்தால் கடைக்கு அந்தப் பந்தயத்தில் மிஞ்சியிருக்கக்கூடியது ஒன்றுமில்லை. வந்தார், மிஞ்சியது. அவருடைய குதிரை வென்றிருந்தாலும் அதே 2,000தான் எங்களுக்கு. அவர் தோற்றதால் நாங்கள் இலாபம் பெறவில்லை. அவர் வந்ததால் பெற்றோம். முதலாளி ஓராண்டுக்கு முன் சொன்ன வாசகம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மாலையில் முதலாளி கூலிக்கு மேல் 50 ரூபாய் கொடுத்தார். "இன்றைக்குப் பக்கம் நன்றாக வந்தது" என்றார். வாங்கிக்கொண்டேன். அம்மா அதையும் தகரடப்பாவிற் போட்டாள்.

சில மாதங்கள் கழிந்தபின், ஒரு கால்சட்டைக்கு அளவு கொடுக்கச் சென்றபோது, அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். அது சீட்டெடுத்த பணம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் ஆறு மாதம் தவணை கேட்டிருந்தார். நாடாவை என் இடுப்பில் சுற்றியவாறே, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஆறுன்னு இருந்தப்ப மனசு வரல தம்பி. சும்மா பார்த்துட்டுத் திரும்பிடலாம்னுதான் நின்னேன். ஒன்பதுன்னு எழுதினாங்களா, அதான் கால் நவுந்துடுச்சு. எத்தனையோ கடை இருந்துச்சு. நம்ம தெருப் பிள்ளை உக்காந்திருக்கான், இங்க ஏமாத்த மாட்டாங்கன்னு அங்க வந்தேன்."

நாங்கள் ஏமாற்றவில்லை. ஒரு பைசாவும் ஏமாற்றவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஒருவர் பொய்க் கணக்கு எழுதியிருந்தால் அவரைக் குற்றவாளி எனலாம். இங்கே கணக்கு உண்மையானது, சீட்டு உண்மையானது, குதிரை உண்மையாக ஓடிற்று. அந்த ஒன்பதை மட்டும் பலகையில் ஏறச் செய்தது பின்னால் இருந்த என் தலையசைப்பு. அவர் அதை அறியார். நானும் சொல்லவில்லை.

அடுத்த கோடைப் பருவம் தொடங்குமுன் அந்த வேலையை விட்டேன். ஒரு தொழிற்சாலையில் கணக்கர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை கணக்கெழுதியே வாழ்ந்தேன். ஆனாலும் பந்தயம் பற்றிய செய்தி எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு நெடுங்காலம் நடந்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, வெறும் வாய்ப்பை நம்பிய சூதாட்டமன்று என்பது தீர்ப்பின் சாரம். குதிரையின் வளர்ப்பும், பயிற்சியும், சவாரி செய்பவரின் தேர்ச்சியும், இவற்றையெல்லாம் ஆய்ந்து பணம் கட்டுபவரின் அறிவும் அதில் எடைபோடப்பட்டன. நீதிமன்றத்தின் சொல்லை மறுக்க நான் யார்? நான் அறிந்தவரையிற் சொல்கிறேன்: என் பேரேட்டில் எண்ணுக்கு ஒரு பத்தி இருந்தது, பணத்துக்கு ஒரு பத்தி இருந்தது, திறமைக்கென்று ஒரு பத்தி இருந்ததில்லை. அறிவாளியின் 100 ரூபாயும் ஏமாளியின் 100 ரூபாயும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தன.

பின்னர் காலம் மாறிற்று. மைதானத்துக்குச் சென்று வரிசையில் நின்று பணம் கட்டவேண்டிய தேவையே இல்லாமல், கைப்பேசி வழியே கிரிக்கெட் பந்துக்குப் பந்து பணம் கட்டும் வழக்கம் பரவிற்று. என் தங்கையின் மகன் ஒருநாள் அத்தகைய செயலி ஒன்றைத் திறந்து காட்டினான். எண்கள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தன. அவன் ஆட்டத்தைப் பார்த்தான். நான் எண்களைப் பார்த்தேன். ஓர் எண் ஏறியபோது, எங்கோ ஒரு பத்தி வெறுமையாக இருக்கிறது என்று புரிந்தது. "மாமா, விலை ஏறுது பாருங்க, இப்ப கட்டினா நல்லது" என்றான். 1984ஆம் ஆண்டின் சுண்ணாம்புத் தூள் என் நாசியில் ஏறியது. முன்னே முக்காலியில் ஒருவன் இருந்து தலையசைத்தான். இப்போது அவன் வேலையைக் கணினி செய்கிறது. அதற்குப் பக்கத்துத் தெருவும் இல்லை, பழகிய முகமும் இல்லை. 2025 ஆகஸ்டில் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் கடையை மூடலாம். எண் ஏறும்போது நகரும் காலை எந்தச் சட்டம் பிடித்துவைக்கும்? அதற்காகவே அன்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டு, 1,100 ரூபாய்க் கணக்கை எழுதிக் காட்டினேன். டெய்லர் மாமாவைப் பற்றியும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. நிலம் விற்று வந்தவர், சீட்டுக் கட்டிச் சேர்த்தவர், ஒரே பாய்ச்சலில் கரையேறிவிடமாட்டோமா என்று ஏங்குவது இயல்பு. அந்த ஏக்கத்துக்கு விலை எழுதும் பலகைகள் எங்கும் இருக்கின்றன. அங்கே அமர்ந்திருப்பவரும் பெரும்பாலும் நம்மைப்போல் பிழைக்க வந்தவரே. அவர் கொடியவரல்லர், கணக்கில் வல்லவர். அவரை அஞ்சவேண்டியது அதனால்தான்.

டெய்லர் மாமாவின் மகள் திருமணம் 1985ஆம் ஆண்டு தை மாதத்தில் நடந்தது. அதே மாப்பிள்ளை, அவர்கள் பொறுத்திருந்தார்கள். வாசலில் மேசை போட்டு மொய் எழுத ஆள் தேடியபோது, மாமா என்னைக் கைகாட்டினார். "கணக்குப் பிள்ளை இருக்கானே, அவன் எழுதட்டும். தப்பே வராது" என்றார். அவர் மனத்தில் களங்கமில்லை. நான் உட்கார்ந்தேன். புதுக் குறிப்பேட்டில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து ஊரும் பேரும் தொகையும் சொன்னார்கள், எழுதினேன். பந்தயப் பேரேட்டில் பெயருக்கென ஒரு பத்தி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே சீட்டின் எண் மட்டுமே. இங்கே பெயரை முதலில் எழுதிய பிறகே தொகை.

அம்மா வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த நோட்டுகளை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். கசங்கிய பத்துகளும் ஐந்துகளும். அவற்றில் பிஸ்கட் தகரத்தின் வாசனை இருந்தது. எண்ணினேன்: 750. மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தாள். அந்நாளில் எங்கள் நிலைக்கு அது மிகப் பெரிய மொய். "இவ்வளவாம்மா?" என்றேன். "எழுது" என்றாள்.

தந்தையாரின் பெயரை எழுதி, தொம்மலூர் என்று ஊரை எழுதி, 751 என்று எழுதினேன். 2,000க்கு அது எவ்வளவோ குறைவு. பக்கம் வட்டமாகவில்லை. ஆயினும் என் வாழ்நாளில் நான் எழுதிய கணக்குகளுள், கோயிற் சுவரில் வெட்டிவைத்தாலும் எனக்கு வெட்கமில்லை என்று சொல்லத்தக்க வரி அது ஒன்றே.